உடுக்கையும் இரண்டு குரலும்: ஓலப்பாளையத்தில் பாடிய அண்ணன்மார் கதை

இசைக்குழு என்றவுடன் நமக்கு மேடை, மைக், கீபோர்டு, குறைந்தது பத்துப் பேர் என்றுதான் மனதில் படம் வரும். இரண்டே பேர், அவர்களிடம் இருப்பது உடுக்கையும் தாளமும் குரலும் மட்டும், மைக் கிடையாது, இப்படி ஒரு குழு இருக்க முடியுமா? அந்தக் குழு ஒரே கதையைப் பதினெட்டு இரவுகள் பாட முடியுமா? ஊரும் உட்கார்ந்து கேட்குமா? முடிந்திருக்கிறது. அதுவும் இன்றைய திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில், ஓலப்பாளையம் என்ற ஊரில்!

ஓலப்பாளையம் என்றால் மாடு வளர்ப்பவர்களுக்கு உடனே தெரியும். பக்கத்தில் இருக்கும் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேரை ஒட்டி, சித்திரையில் கூடும் காங்கேயம் மாட்டுச்சந்தை அந்த வட்டாரத்தில் பேர் போனது. மழை குறைவான பூமி. கிளுவை வேலி, கொறங்காடு, கிணற்றுப் பாசனம். 1965-இல் இது கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-க்குப் பிறகு பெரியார் (பின்னாளில் ஈரோடு) மாவட்டத்தில். 2009-இல்தான் காங்கேயம் பகுதி திருப்பூர் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர் நகரவில்லை, மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

கொங்கு நாட்டில் "அண்ணன்மார் கதை", திருச்சிப் பக்கம் "பொன்னர் சங்கர் கதை" என்று சொல்வார்கள். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் வெகுகாலம் பிள்ளை இல்லாமல், தவம் இருந்து பெற்ற பிள்ளைகள் மூன்று பேர். பொன்னர், சங்கர், அவர்களின் தங்கை தங்காள். காட்டைத் திருத்திக் கழனியாக்கும் உழவர்களுக்கும் காட்டை நம்பி வாழும் வேட்டுவர்களுக்கும் நடக்கும் மோதல்தான் கதையின் முதுகெலும்பு. கொம்பன் என்ற காட்டுப்பன்றி வருகிறது, போர் வருகிறது, பதினாறே வயதில் அண்ணன்மார் இருவரும் களத்தில் மாண்டு போகிறார்கள். தங்கை தேடி வந்து அழுது அவர்களை எழுப்புகிறாள். மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழாவும், கொங்கு நாட்டு அண்ணன்மார் கோயில்களில் படுகளமும் இந்தக் கதையின் கடைசிப் பகுதியைத்தான் இன்றும் நடத்திக் காட்டுகின்றன.

(தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசர்கள், வீரர்கள் என்றெல்லாம் இல்லாமல் "அண்ணன்மார்" என்று இருக்கிறது. அண்ணன் என்று கூப்பிடுவது யார்? தங்கைதான். கதைக்குப் பெயர் வைத்ததே தங்காள் வாயிலிருந்துதான் என்று சொன்னால் தப்பில்லை.)

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது உழவர் தரப்பிலிருந்து சொல்லப்படும் கதை. வேட்டுவர் தரப்புக்கு இதில் வேறு நியாயம் உண்டு, வேறு சொல்லும் முறையும் உண்டு. ஒரே சண்டையை இரண்டு வீட்டுத் திண்ணையில் கேட்டால் இரண்டு கதையாகத்தான் இருக்கும்.

இந்தக் கதையைப் பாடுவதற்குக் கொங்கில் தனிக்கலை ஒன்று உண்டு. உடுக்கையடிப் பாட்டு, உடுக்கைப் பாட்டு என்பார்கள். உடுக்கை சின்னக் கருவி. இடுப்பு ஒடுங்கி இரண்டு முகம் விரிந்து இருக்கும். இரண்டு முகத்திலும் மெல்லிய சவ்வு. நடுவில் ஓடும் கயிற்றை விரலால் இறுக்கினால் நாதம் ஏறும், விட்டால் இறங்கும். ஒரு கையில் பிடித்து மறு கை விரலால் தட்டும்போது அது தாளம் மட்டும் போடுவதில்லை, ஏறி இறங்கி விம்முகிறது, அதட்டுகிறது. சாமி அழைக்க உடுக்கையை வைத்திருப்பதற்குக் காரணம் இந்தக் குணம்தான் போலும்.

குழு என்றால் பெரும்பாலும் இரண்டு பேர். முன்பாட்டுக்காரர் கதையை நடத்துவார். பின்பாட்டுக்காரர் அடியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவார், தாளம் கொடுப்பார், நடுநடுவே "அப்புறம் என்னாச்சுங்க?" என்பது போலக் கேள்வி கேட்டுக் கதையைத் தள்ளிவிடுவார். பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். வேகமாகக் கதை நகர வேண்டிய இடத்தில் வசனம், மனசு நிற்க வேண்டிய இடத்தில் பாட்டு. தங்காள் அண்ணன்மாரைத் தேடி அழும் இடத்தில் மெட்டு ஒப்பாரிச் சாயலுக்குப் போய்விடும். ராஜா, கிழவி, வேட்டுவன், பன்றி எல்லாவற்றுக்கும் குரல் கொடுப்பது ஒரே ஆள்!

இப்படிப்பட்ட குழுக்கள் எத்தனையோ தலைமுறையாக ஊர் ஊராகப் போயிருக்கின்றன. ஆனால் அவர்களில் பெரும்பாலோருடைய பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. ஆசான் பாடியதைக் கேட்டுக் கேட்டே சீடன் பாடினான், சீடன் ஆசான் ஆனான். அந்த நீண்ட வரிசையில் ஒரு ஜோடியின் பெயர் மட்டும் உலக நூலகங்கள் வரை போய்ச் சேர்ந்தது. ஈ. சி. ராமசாமி, அவருக்குத் துணையாகப் பாடிய ஓலப்பாளையம் பழனிச்சாமி.

அது நடந்த விதம் இப்படித்தான். 1964 முதல் 1966 வரை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவி ஒருவர் ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். பெயர் பிரெண்டா பெக். வயது இருபத்தைந்தைச் சுற்றி. கொங்கு நாட்டின் சாதி, உறவுமுறை, சடங்கு, நிலம் ஆகியவற்றைப் பற்றி ஆராயத்தான் வந்தார். அந்த ஆய்விலிருந்து 1972-இல் "கொங்கு நாட்டு உழவர் சமூகம்" என்ற பொருளில் ஆங்கில நூலும் வந்தது. ஆனால் அவருடைய வாழ்நாள் முழுவதையும் பிடித்துக்கொண்டது அந்த ஆய்வு இல்லை, இரவில் கேட்ட பாட்டு.

1965-இல் ராமசாமியும் பழனிச்சாமியும் ஊரார் கூடியிருக்க அண்ணன்மார் கதையைப் பாடினார்கள். பெக் சுருள் நாடா டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தார். 18 இரவுகள். பதிவான நேரம் ஏறக்குறைய 40 மணி. இன்றைய கணக்கில் சொன்னால் பதினைந்து சினிமா! இதில் எழுதி வைத்துப் பார்த்துப் பாடியது ஒன்றும் இல்லை. கதையின் எலும்புக்கூடு மனதில் இருக்கும், சதையை அந்தந்த இரவில் வைத்துக் கொடுப்பார்கள்.

பெக் அத்தோடு விடவில்லை. அதே கதையை அதே ராமசாமியைச் சொல்லச் சொல்லி, ஒருவரை வைத்து எழுதவும் செய்தார். ஆக ஒரே பாடகரிடமிருந்து இரண்டு வடிவங்கள். ஒன்று ஊர் முன்னால் உடுக்கையோடு பாடியது. இன்னொன்று பாட்டுக் கச்சேரி இல்லாமல், எழுதுகிறவர் கை வேகத்துக்கு ஏற்றபடி சொன்னது. இரண்டும் ஒன்றாக இல்லை! அதே வாய், அதே கதை, அதே ஆண்டு. வேறுபட்டது எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் மட்டும்தான்.

இந்த இடம் முக்கியமானது, கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

வாய்மொழிக் காப்பியங்களைப் பற்றிப் படிப்பவர்களுக்கு யுகோஸ்லாவியா உதாரணம் தெரிந்திருக்கும். 1930-களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், ஹோமர் எப்படிப் பாடியிருப்பார் என்று கண்டுபிடிக்க அங்கே போய், எழுத்தறியாத பாடகர்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜெதோவிச் என்ற பாடகர் 1935-இல் சொல்லி எழுத வைத்த ஒரு பாட்டு 12,000 வரிகளைத் தாண்டியது. காப்பிக்கடையில் பாடும்போது கேட்பவர் எழுந்து போய்விடுவார், கொட்டாவி விடுவார். அதனால் பாட்டு சுருங்கும், நீளும், வளையும். பாரியின் மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960-இல் எழுதிய நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். பாடகர் ஒரு கதையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கட்டுகிறார் என்பது அவர் வாதம்.

ஓலப்பாளையத்துக் குழுவை இந்தக் கண்ணோடு பார்த்தால், அது இரண்டு பேர் குழு இல்லை என்று தெரியும். பின்பாட்டுக்காரர் "அப்புறம்?" என்று கேட்பது ஊரின் சார்பாகத்தான். சிரிக்க வேண்டிய இடத்தில் ஊர் சிரித்தால் அந்த இடம் நீளும். அழ வேண்டிய இடத்தில் பெண்கள் முந்தானையை எடுத்தால் உடுக்கை இன்னும் இறுகும். படுகளத்தில் ஒருவருக்குச் சாமி வந்துவிட்டால் பாட்டு அங்கேயே நின்று சுற்றும். கேட்கிறவர்கள்தான் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் இரவு நேரம் வேண்டும். ஒன்றிரண்டு இரவு போதாது, பதினெட்டு.

அந்த இரவுகள்தான் பிறகு காணாமல் போயின.

"சினிமா வந்தது, டிவி வந்தது, நாட்டுப்புறக் கலை அழிந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம். பொய் இல்லை, ஆனால் இந்தப் பகுதிக்கு அது பாதிக்கதை. திருப்பூரில் பனியன் தொழில் 1930-களிலேயே வேர் விட்டாலும், 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தொடங்கியபின்தான் சுற்று வட்டாரத்தை இழுக்க ஆரம்பித்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவான காலத்தில் அது "டாலர் சிட்டி" ஆகிக்கொண்டிருந்தது. காங்கேயத்தில் அரிசி ஆலையும் தேங்காய் எண்ணெய் ஆலையும் பெருகின. வெள்ளகோவிலில் விசைத்தறி. பனியன் கம்பெனியில் "ஒன்றரை ஷிப்ட்" என்பது சாதாரணப் பேச்சு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு, எட்டரை. ஷிப்மென்ட் நேரம் என்றால் விடிய விடிய. கம்பெனி வேன் கிராமத்துக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும்.

அறுவடை முடிந்து களம் காலியானால் அடுத்த மழை வரை கொஞ்சம் ஓய்வு என்பது விவசாயக் காலண்டர். அந்த ஓய்வில்தான் பதினெட்டு இரவுக் கதை உட்கார முடிந்தது. ஐரோப்பாவில் கோடைக்கால டி-சர்ட் எப்போது கடைக்கு வர வேண்டும் என்பதை வைத்து ஓடும் காலண்டரில் அப்படி ஓர் இடைவெளியே கிடையாது. விடிய விடிய விழித்திருப்பது நிற்கவில்லை, ஆனால் விழித்திருந்த ஆள் கம்பெனிக்குள் இருந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் திருப்பூரைப் பற்றி எழுதிய நூலில், காட்டில் உழைத்த கவுண்டர்கள் பனியன் கம்பெனிகளில் தொழிலாளிகளாக நுழைந்து, பிறகு முதலாளிகளாக எழுந்ததைத்தான் மையமாக வைக்கிறார். எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில், "உழைப்பு". அண்ணன்மார் கதையின் முதல் பாதி முழுக்க இதே பேச்சுதான். அநாதையாக விடப்பட்ட குன்னுடையான் பாடுபட்டு நிலத்தைப் பிடித்து நிமிர்வது. அந்தக் கதையைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் கதையை வாழ்ந்து காட்டினார்கள், ஆனால் உட்கார்ந்து கேட்க நேரம் இல்லாமல் போனது!

இன்று அந்தக் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு அண்ணன்மார் தெரியாது. ஆனால் வட இந்தியாவில் ஆல்ஹா என்றொரு வீரக்கதைப் பாட்டு உண்டு. பந்தேல்கண்டில் பிறந்து போஜ்புரி பேசும் பகுதி வரை பரவியது. ஆல்ஹா, ஊதல் என்ற அண்ணன் தம்பி இருவரின் கதை! ஒரே கம்பெனி ஷெட்டில், இரண்டு சகோதரர் கதைகளைத் தாத்தா காலத்தில் கேட்ட இரண்டு ஊர்க்காரர்கள், ஒருவர் கதை இன்னொருவருக்குத் தெரியாமல் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருக்கலாம்.

இதற்கிடையில் கதை மட்டும் பாடகர்களை விட்டுவிட்டு வேறு வேறு உருவம் எடுத்தது. 1971-இல் கவிஞர் சக்திக்கனல், பிச்சை பட்டன் என்பவர் பாடியதாக ஏட்டில் இருந்த அண்ணன்மார் சுவாமி கதையைப் பதிப்பித்தார். மு. கருணாநிதி "பொன்னர் சங்கர்" என்று நாவலாக எழுதினார். கிராமங்களில் மேடை நாடகமாக, டியூப்லைட்டும் ஆர்கனும் வைத்து, ஒரே இரவில் முடியும்படி நடந்தது. கேசட் வந்தது. 2011-இல் கருணாநிதியின் கதையைத் தியாகராஜன் சினிமாவாக எடுத்தார். பிரசாந்துக்கு இரட்டை வேடம், இசை இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜனின் சின்னக் குழுவில் ஹார்மோனியத்தோடு ஊர் ஊராகப் போய்ப் பாடி வளர்ந்தவர் இளையராஜா. இரண்டு பேர் பாடிய அண்ணன்மார் கதைக்குக் கடைசியில் பெரிய ஆர்கெஸ்ட்ரா இசை அமைத்தவரும் அண்ணன் தம்பிக் குழு ஒன்றிலிருந்து வந்தவர்தான் என்பது தற்செயல், ஆனால் பொருத்தம்.

இந்த வடிவங்கள் எல்லாவற்றிலும் ஒன்று மட்டும் குறைகிறது. கேட்பவரைப் பார்த்துக் கதை வளையாது. நாவல் படிக்கிறவன் தூங்கினாலும் நாவலுக்குத் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க கொங்கு நாட்டிலேயே இன்னொரு கலை இருக்கிறது. வள்ளி ஒயில் கும்மி. கோவை மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த மூத்த கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் மட்டும் ஆடிய கும்மியில் பெண்களையும் சேர்த்தவர் அவர். சமீப ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தக் கும்மிக்கு வந்திருக்கும் கூட்டம் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஊருக்கு ஊர் பயிற்சி, அரங்கேற்றம், சீருடை, வீடியோ. ஏன் கும்மி பிழைத்தது, உடுக்கைப் பாட்டு மெலிந்தது? கும்மியில் ஊரே ஆடுகிறது. சாயங்காலம் வேலை விட்டு வந்து பழகலாம், ஒரு மாலையில் ஆடி முடிக்கலாம். ஷிப்ட் காலண்டருக்குள் அது நுழைந்துவிடும். பதினெட்டு இரவு உட்கார்ந்து கேட்கும் கலைக்கு அந்த வசதி இல்லை.

உடுக்கைப் பாட்டு ஒரேயடியாக அழிந்துவிட்டதா என்றால், இல்லை. அண்ணன்மார் கோயில் நோன்புகளில் இன்றும் குழுக்கள் பாடுகின்றன. மைக் வந்துவிட்டது. கதை முழுவதும் பாடுவது அரிது; குழந்தை வரம், கிளி பிடித்தது, பன்றி வேட்டை என்று துண்டு துண்டாகப் பாடுவதுதான் அதிகம். யூடியூபில் தேடினால் கிடைக்கும். ஆனால் படுகள இரவு மட்டும் இன்னும் சுருங்கவில்லை. வீரர்களாக வந்தவர்கள் விழுந்து கிடப்பார்கள், உடுக்கை அடிக்கும், தங்காள் வந்து தீர்த்தம் தெளிப்பாள், ஒவ்வொருவராக எழுவார்கள். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று மட்டும் மூன்றாவது ஆள் வேலைக்கு வந்துவிடுகிறான்.

பெக் பிறகு கனடா போய் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். 1982-இல் இந்தக் கதையைப் பற்றி "மூன்று இரட்டையர்" என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூல் எழுதினார். இரட்டையர் எப்படி மூன்று பேர் ஆக முடியும் என்று கேட்கத் தோன்றும். தங்காளையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. 1992-இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு பாகங்களில் கதையை வெளியிட்டது. அப்புறமும் அவர் விடவில்லை. அடுத்த நூற்றாண்டில் தமிழ் ஓவியர் ஒருவரோடு சேர்ந்து 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக்கினார். 1965-இல் ஒரு கிராமத்தில் கேட்ட பாட்டுக்கு ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறார். நம் ஊர்ப் பாட்டுக்கு வெளியூர்க்காரர் வந்துதான் டேப் போட வேண்டியிருந்தது என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. அது நியாயமான வருத்தம்தான். ஆனால் அந்தப் பதினெட்டு இரவும் அங்கே உட்கார்ந்து கேட்ட ஓலப்பாளையத்துக்காரர்கள், டேப் வேண்டும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அடுத்த வருஷமும் பாடுவார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெக்கின் சேகரிப்பை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் டிஜிட்டல் வடிவில் பாதுகாத்து வருகிறது. கணினியும் ஹெட்போனும் இருந்தால் போதும், ராமசாமியின் உடுக்கையையும் பழனிச்சாமியின் பின்பாட்டையும் திருப்பூரிலிருந்தே கேட்கலாம். எந்த இரவில் வேண்டுமானாலும், எந்த ஷிப்ட் முடிந்து வந்த பிறகும். தனியாக.